தம்பாராவுக்குப் பச்சை

புவனேந்திரனுக்குக் கைராசிக்காரர் என்று ஒரு பெயர் இருந்தது. அதை அவர் கேட்டு வாங்கவில்லை. தொண்ணூறுகளில் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் தமிழர் ஆலோசனை நிலையம் தொடங்கியபோது, கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர் என்று அவரை ஒரு மேசைக்குப் பின்னால் இருத்திவிட்டார்கள். உள்துறை அமைச்சிலிருந்து வரும் மண்ணிறக் கடித உறைகளை ஒரு வெண்ணெய்க் கத்தியால் பிரித்து வாசித்துச் சொல்வது வேலை. முதல் மூன்று உறைக்குள்ளும் விசா இருந்தது. நாலாவது ஆள் செவன் கிங்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார், வீட்டில் உறையின் ஓரத்தைக்கூட நகத்தால் கிளறிப் பார்க்காமல். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் சனம் ஒட்டியபடியே கடிதத்தைக் கொண்டுவந்து, சுவரிலிருந்த பிள்ளையார் படத்துக்கு ஒருமுறை காட்டி, கண்ணில் ஒற்றி, "அண்ணை, உங்கட கையால திறவுங்கோ" என்று நிற்கத் தொடங்கியது.

மறுப்புக் கடிதங்களும் அந்தக் கையால் திறபட்டவைதான். ஏராளம். ஆனால் மறுக்கப்பட்டவன் திரும்பி வந்து கைராசியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே கைராசி வளர்ந்தது. பின்னாளில் புவனேந்திரன் சம்பளத்துக்குச் செய்த வேலையும் ஏறக்குறைய இதே கணக்கு முறையில்தான் நடந்தது என்பதை அவர் மிகவும் தாமதமாக உணர்ந்தார்.

தமிழர்களுக்கு விசா கிடைத்து, வீடு கிடைத்து, இப்போது பலர் "கண்டபடி அகதியளை உள்ளுக்கு விடுகிறாங்கள்" என்று குறைசொல்லும் அளவுக்கு முன்னேறிவிட்டார்கள். நிலையம் மட்டும் மிஞ்சியது. வருகிறவர்கள் வேறு தேசத்தவர்கள். ஆனால் முறை மாறவில்லை. ஆப்கானியனும் எரித்திரியப் பெண்ணும் பிள்ளையார் யார் எவர் என்று விசாரிக்காமல் உறையைக் காட்டி, கண்ணில் ஒற்றி, புவனேந்திரனிடம் நீட்டினார்கள். அவருக்கு ஐம்பத்துநாலு வயதாகியும் கை ஓய்வு பெறவில்லை.

அப்படித்தான் இத்ரிஸும் ஒரு சனிக்கிழமை நீட்டினான். முப்பது வயது சொச்சம். தன் நாட்டில் பிரிட்டிஷ் இராணுவப் பயிற்சியாளர்களுக்கு ஐந்து வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். சார்ஜன்ட்மாரிடம் படித்த ஆங்கிலம், இரண்டு வசனத்துக்கு ஒருமுறை, நண்பனை அழைப்பதுபோல, ஒரு "மேட்" வரும். மனைவியும் மகளும் எல்லைக்கு அப்பால் ஒரு முகாமில். வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லாததால், நிலையத்துக்கு வந்து கதிரை அடுக்குவான், மற்றவர்களின் படிவங்களை நிரப்பிக் கொடுப்பான். அமைச்சின் கடிதத்தைப் புவனேந்திரனைவிட நன்றாக வாசிக்கக்கூடியவன்.

அதைச் சொல்லி, உனக்கெதற்கு என் கை என்று புவனேந்திரன் சிரித்தார். வாசிப்பதற்கு இல்லை மேட், திறப்பதற்கு மட்டும் என்றான் இத்ரிஸ்.

திறந்தார். மறுப்பு.

பதினோரு பக்கம். அவன் மொழிபெயர்ப்பாளனாக இருந்ததை அமைச்சு நம்பியது. தீவிரவாதிகள் அவன் பெயரைப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்ததையும் நம்பியது. முப்பத்துநாலாம் பந்தியில்தான் வந்தது விஷயம். வெளிநாட்டுத் தலையீட்டின் பலனாக அவன் ஊரான தம்பாரா மாவட்டம் இப்போது நிலைபெற்றுவிட்டது. ஆகவே திரும்பிப் போகலாம். ஆதாரம்: மதிப்புக்குரிய ஆய்வு நிறுவனம் ஒன்றின் அறிக்கை, பக்கம் பத்தொன்பது, வரைபடம் மூன்று. தம்பாரா: பச்சை.

அந்தப் பச்சையைப் பூசியவர் புவனேந்திரன்.

விக்டோரியா ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு சாண்ட்விச் கடைக்கு மேல் இரண்டு மாடிகளில் இருந்தது அவர் வேலைசெய்த அந்த ஆய்வு நிறுவனம். முழுப்பெயர்: நொறுங்குநிலை நாடுகளுக்கான உத்திசார் கற்கைகளின் இன்ஸ்டிடியூட். பெயர்ப்பலகையைப் பூட்டியவர் இரண்டாவது பலகை கேட்டதாக ஒரு கதை உண்டு. அதன் இயக்குநர் டாக்டர் மெய்யப்பன், சிங்கப்பூர்க்காரர், படிக்க வந்து தங்கிவிட்டவர். பயங்கரவாத ஒழிப்பில் வெளிநாட்டுத் தலையீடுகளின் பலாபலன் பற்றி இங்கிலாந்தில் மைக் எங்கே வைத்தாலும் அதன் பின்னால் அவர் நிற்பார். "நான் களத்தில் இருந்தபோது" என்றுதான் தொடங்குவார். களத்தில் அவர் நாலு நாள் இருந்தார். அதில் மூன்று நாள் விமான நிலைய ஹோட்டலில், மணல் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம். நாலாம் நாள் மழை.

இத்ரிஸின் நாட்டுப் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம். இன்ஸ்டிடியூட்டிலும் யாரும் பெயர் சொல்வதில்லை, "நாடு நாலு" என்பார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் மூன்று அரசுகள் சேர்ந்து, பயங்கரவாதத்தை ஒழிக்க அங்கே போயின. கவச வாகனம் கொடுத்தன, ஆளில்லா விமானம் பறக்கவிட்டன, உள்ளூர்ப் பட்டாலியன் ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்தன. நல்ல பயிற்சி, குறை சொல்லக்கூடாது. முடிந்ததும் அந்த நாட்டு அரசு சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க மறந்துபோனது. மறுபக்கத்துக்காரர் மறக்கவில்லை. பட்டாலியனில் பாதி, பழகிய துவக்கோடும் புதுச் சப்பாத்தோடும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அறிக்கையில் இது எட்டாம் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. தலைப்பு: "பணியாளரைத் தக்கவைத்தலில் உள்ள சவால்கள்."

இவ்வளவுக்கும் பலன் என்ன என்று அளப்பதற்குத்தான் இன்ஸ்டிடியூட். மாவட்டத்துக்கு ஒருவராக உள்ளூர்ப் பார்வையாளர்களை வைத்து, வாரம் ஒருமுறை அவர்கள் கைபேசியில் அனுப்பும் சம்பவங்களைப் புவனேந்திரன் அட்டவணையில் ஏற்றுவார். கொலை, கடத்தல், கண்ணிவெடி. எண்ணிக்கை கூடினால் மாவட்டம் சிவப்பு, நடுவில் மஞ்சள், குறைந்தால் பச்சை. சூத்திரத்தை எழுதியவரும் அவரே. எழுதும்போது அது பிழையாகத் தெரியவில்லை.

தம்பாராவின் பார்வையாளர் ஒரு பள்ளி வாத்தியார். ஒக்டோபரில் அவரிடமிருந்து கடைசிச் செய்தி வந்தது: இன்று இரவு போகிறேன், இனி என்னிடமிருந்து எதுவும் வராது. அடுத்த வாரம் தம்பாராவில் சம்பவங்கள் பூச்சியம். அதற்கடுத்த வாரமும் பூச்சியம். பன்னிரண்டு வாரம் பூச்சியம் வந்ததும் அட்டவணை தானாகவே பளிச்சென்று பச்சைக்கு மாறியது.

புவனேந்திரன் அப்போதே மெய்யப்பனின் அறைக்குப் போய்ச் சொன்னார். தம்பாராவுக்கு நிறம் வேண்டாம், சாம்பல் போடுவோம், "தகவல் இல்லை" என்று கீழே எழுதுவோம் என்றார். அன்று வெள்ளிக்கிழமை, ஐந்து மணிக்கு முன் நிதி தரும் அரசுக்கு அறிக்கை போகவேண்டும்.

மெய்யப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிந்தனை வருகிறது என்பதற்கு அது அடையாளம்; வரும் என்று உறுதியில்லை.

"புவன், சிவப்புன்னா அவங்களுக்குப் புரியும். இன்னும் உதவி தேவை, திட்டத்தை நீட்டணும். பச்சைன்னாலும் புரியும். திட்டம் ஜெயிச்சிடுச்சு, நீட்டணும். சாம்பலை வச்சுக்கிட்டு ஒரு அமைச்சர் எழுந்து நின்னு என்ன பேசுவார்?"

"சொல்லுறதுக்கு அங்க ஆள் இல்லை, டொக்டர். அதுதான் பூச்சியம்."

"சம்பவம் பதிவாகல. பதிவாகாதது நம்ம அளவுகோல்ல இல்ல. இது மெதடாலஜி, புவன், உணர்ச்சி இல்ல."

புவனேந்திரன் தன் மேசைக்குத் திரும்பி வந்து, அட்டவணை காட்டிய பச்சையை வரைபடத்தில் ஏற்றினார். நாலு ஐம்பதுக்கு அறிக்கை போனது. எலிசபெத் லைன் ரயிலில் இருக்கை கிடைத்தது. வீட்டில் நண்டுக்குழம்பு. அந்த வெள்ளிக்கிழமை பற்றி அவரிடம் வேறு எந்த ஞாபகமும் இல்லை. அதுதான் பிறகு அவரை அரித்தது.

இப்போது அந்தப் பச்சை மண்ணிற உறைக்குள் ஏறி, அவருடைய கத்திக்கே திரும்பி வந்திருந்தது. இத்ரிஸ் பக்கத்தில் நின்று, முப்பத்துநாலாம் பந்தியை இரண்டு தரம் வாசித்தான். யார் இந்த மடையர்கள், தம்பாராவில் கோழிகூட மிச்சமில்லை என்றான். புவனேந்திரன் சொல்லிவிட்டார். அந்த மடையர்களில் ஒருவன் நான் என்றார். இத்ரிஸ் கடிதத்தை மேசையில் அவருக்கு முன்னால் வைத்தான். பிறகு, அப்படியென்றால் நல்லது, பூசினவருக்குத்தானே அழிக்கத் தெரியும் என்றான்.

திங்கட்கிழமை மெய்யப்பனிடம் போனார். திருத்தம் வேண்டும் என்றார். மெய்யப்பன் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். அடுத்த பதிப்பில், அடிக்குறிப்பாக. அடுத்த பதிப்பு எப்போது என்று இவர் கேட்டார். ஏப்ரல். மேல்முறையீடு பெப்ரவரியில் என்றார் புவனேந்திரன். மெய்யப்பன் கையை விரித்தார். அப்படியானால் நானே போய்த் தீர்ப்பாயத்தில் சொல்லப் போகிறேன் என்றதும்தான் மெய்யப்பனுக்குக் கோபம் வந்தது. இருபது வருட லண்டன் இஸ்திரி போட்டு மறைத்திருந்த சிங்கப்பூர் வெளியே வந்தது.

"போங்க லா. போய்ச் சொல்லுங்க. நீங்க யார் அங்க? டேட்டா ஏத்துறவர். நிபுணர் நான். நான் களத்துல இருந்திருக்கேன்."

வீட்டிலும் விஷயம் சுலபமாகப் போகவில்லை. மனைவி அஜந்தா கேட்ட முதல் கேள்வி, அவன் எங்களுக்கு ஆர் என்பது. இரண்டாவது, ரிட்டயர் பண்ண ஆறு வருடம் கிடக்கும்போது இது தேவையா என்பது. மூன்றாவது கேள்விதான் இடம் பார்த்து இறங்கியது.

"ஏன், நீங்கள் வரேக்க நேர யாழ்ப்பாணத்தில இருந்தே வந்தனீங்கள்? வெள்ளவத்தை லொட்ஜில ரெண்டு வரிசம் படுத்து எழும்பினது எனக்குத் தெரியாதே?"

உண்மை. தொண்ணூற்றொன்றில் அகதி அந்தஸ்து கேட்டு அவர் கொடுத்த வாக்குமூலத்தில் கொழும்பும் இல்லை, வெள்ளவத்தையும் இல்லை. லோயர் ஒரு அறிக்கையை இணைத்தார். அதில் யாழ்ப்பாணம் சிவப்பு. புவனேந்திரன் அந்தச் சிவப்புக்குள் தன்னையும் இரண்டு வருடம் கூடுதலாக இருத்திக்கொண்டார். ஒருவன் தப்புவதற்குப் பூசிய நிறம் அது. அவர் தம்பாராவுக்குப் பூசியது வேறு வகை. இதை மனைவிக்கு விளக்கத் தொடங்கினார், ஆனால் அவர் கையிலிருந்த ரிமோட் கொன்ரோல் விளக்கத்துக்கு உதவவில்லை.

அஜந்தா எழுந்து போனாள். அறை வாசலில் நின்று சொன்னாள்:

"போறதெண்டால் கோட் போட்டுக்கொண்டு போங்கோ. அகதி மாதிரிப் போய் நிக்காதையுங்கோ."

தீர்ப்பாயம் ஒரு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விசாரணைக்கு நடுவே தலைக்கு மேல் விமானம் போனால் எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள், மரியாதை செலுத்துவதுபோல. இத்ரிஸின் வழக்கறிஞர் அன்று மூன்றாவது வழக்கில் நின்றார். முதல் பத்து நிமிடம் அவனை இஸ்மாயில் என்று அழைத்தார். ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்தார். இதே அரசு, தன் குடிமக்களுக்காக வெளியிடும் பயண எச்சரிக்கையை எடுத்து மேசையில் வைத்தார். அதில் தம்பாரா இரத்தச் சிவப்பு. யாரும் எந்தக் காரணத்துக்காகவும் போகவேண்டாம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. நீதிபதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது சுற்றுலாப் பயணிகளுக்கான அறிவுரை அல்லவா, மனுதாரர் சுற்றுலாப் பயணி இல்லையே என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

பிறகு புவனேந்திரன். கோட் போட்டிருந்தார். பார்வையாளர் போனது, பூச்சியம் வந்தது, பச்சை பூசியது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். வாத்தியாரின் கடைசிச் செய்தியையும் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தார். சொல்லி முடித்தபோது, இத்ரிஸ் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து இருந்ததைக் கண்டார். முப்பது வருடத்தில் முதல்முறையாகத் தன் கையில் உண்மையாகவே ராசி இருக்கக்கூடும் என்று புவனேந்திரனுக்குத் தோன்றியது.

அமைச்சின் சார்பில் எழுந்தவள் ஓர் இளம்பெண். றொஷானி. பெயரைக் கேட்டதும் எங்கட பிள்ளை என்று அவருக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. தமிழர் சந்தோஷம், காரணம் இல்லாமல் வரும். அவள் அழகான ஆங்கிலத்தில், மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"அந்தப் பச்சையைப் பூசும்போது, பார்வையாளர் போய்விட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வாசிப்பவர்கள் அதை நம்புவார்கள் என்பதும்?"

"தெரியும்."

"தெரிந்தே பிழையான தகவலை வெளியிட்டீர்கள்."

"ஆம்."

"இன்று சொல்வதை மட்டும் நாங்கள் ஏன் நம்பவேண்டும்?"

தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. எல்லாரும் காத்திருந்தார்கள். அது போனதும், இயக்குநர் சொன்னதால் பூசினேன் என்று புவனேந்திரன் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாய் எடுத்தார். அதற்குள் அவள், வேறு கேள்விகள் இல்லை என்று உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் அவரைத் தேடி வந்தாள். கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றாள்.

"அங்கிள், சொறி. இது என்ர ஜொப். நீங்க உண்மையச் சொன்னீங்க, அதுதான் பிராப்ளம்."

புவனேந்திரன் தலையாட்டினார். அவள் போகவில்லை. நேற்று சாட்சி லிஸ்ட்டில் அவர் பேரைப் பார்த்ததும் தன் அப்பாவிடம் கேட்டாளாம். தங்கள் குடும்பத்தின் விசாக் கடிதத்தை இரண்டாயிரமாம் ஆண்டு திறந்தவர் புவனேந்திரன்தானாம். அப்பா இப்போதும் அந்தக் கையைப் பற்றிச் சொல்லுவாராம். இதைச் சொல்லிவிட்டு அவள் கையை நீட்டினாள். அவரும் கொடுத்தார். வேறென்ன செய்வது.

வேலை போகவில்லை. அதைப் பலர் எதிர்பார்த்தார்கள், அவரும் கொஞ்சம் எதிர்பார்த்தார். மெய்யப்பன் அவரைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், நிதி கேட்டு எழுதும் அடுத்த விண்ணப்பத்தின் வரைவைக் காட்டினார். "வலுவான உள்ளக விமர்சனப் பண்பாடு" என்று புதிதாக ஒரு பந்தி சேர்ந்திருந்தது. ஊழியர்கள் தம் கருத்தைத் தீர்ப்பாயம்வரை கொண்டுபோகும் சுதந்திரம் உள்ள நிறுவனம் இது என்று அதில் இருந்தது. தம்பாரா அன்றைக்கும் பச்சைதான். பூச்சியம் வரத் தொடங்கி இருபத்திரண்டாவது வாரம்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை இத்ரிஸ் உறையோடு வந்தான். ஒட்டியபடியே. வெளியே கதிரைகளில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவன் பிள்ளையார் படத்துக்குக் காட்டினான், கண்ணில் ஒற்றினான், நீட்டினான். வேறு யாரிடமாவது கொடு என்று புவனேந்திரன் சொல்லிப் பார்த்தார். இத்ரிஸ் கையை மடக்கவில்லை.

திறந்தார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளன் முதலில் முடித்தான்.

நீதிபதி கவனமான மனிதர், இருபத்தேழு பந்தி எழுதியிருந்தார். பத்தொன்பதாம் பந்தி புவனேந்திரனுக்கு. "இச்சாட்சி தம் தொழிலில் தெரிந்தே பிழையான தகவலை வெளியிட்டதாகத் தாமே ஒப்புக்கொள்கிறார். ஆகவே அவரை நம்பத்தகுந்த சாட்சியாகவோ, அவர் கொணர்ந்த அச்சுப்பிரதியைச் சான்றாகவோ ஏற்க இயலாது." இருபதாம் பந்தி அறிக்கைக்கு. "அறிக்கையை ஐயுறுவதற்கு நம்பத்தகுந்த சான்று வேறெதுவும் என் முன் வைக்கப்படவில்லை. ஆகவே வரைபடம் மூன்றை ஏற்கிறேன்."

அவர் பொய்யர், ஆகவே அவர் பூசிய பச்சை உண்மை. புவனேந்திரன் இரண்டு பந்திகளுக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு, இதில் எங்காவது ஒரு ஓட்டை இருக்குமா என்று தேடினார். இல்லை. மூடி அடித்த பெட்டி. அடுத்த மாதச் செய்திமடலில் மெய்யப்பன் முதல் பக்கத்தில் போடப்போகிறார்: இன்ஸ்டிடியூட்டின் வரைபடத்தை நீதிமன்றமே ஆதாரமாக ஏற்றது என்று. தன் புகைப்படத்துடன்.

மேலே இன்னொரு முறையீடு செய்யலாம் என்று புவனேந்திரன் தொடங்கினார். எத்தனை நாளுக்குள், எந்தப் படிவம் என்றெல்லாம் சொன்னார். இத்ரிஸ் கேட்டுக்கொண்டு நின்றான். அந்தப் படிவத்தை இந்த அறையில் எத்தனையோ பேருக்கு அவனே நிரப்பிக் கொடுத்திருக்கிறான். கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, உறைக்குள் வைத்தான்.

"யோசித்துப் பார்த்தால் உங்களுக்கு லாபம்தான் மேட்," என்றான். "என்னை அனுப்பினால் தம்பாராவில் உங்களுக்கு மறுபடி ஒரு பார்வையாளன் இருப்பான். நல்ல ஆங்கிலம். வாரா வாரம் அனுப்புவேன்."

புவனேந்திரன் வெண்ணெய்க் கத்தியை மேசை ஓரத்தில் வைத்தார்.

"அனுப்பாத வாரம் என்ன நிறம் பூசுவீர்கள்?"

குரலில் கோபம் இல்லை. மற்றவர்களின் கேள்விகளை ஐந்து வருடம் மொழிபெயர்த்தவன், இதையும் யாரோ கேட்டதை எடுத்துச் சொல்வதுபோலத்தான் கேட்டான். பதில் புவனேந்திரனுக்குத் தெரியும். சூத்திரத்தை எழுதியவர் அவர்.

இத்ரிஸ் கதவுப் பக்கத்தில் சரிந்து கிடந்த இரண்டு கதிரைகளை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

அடுத்து ஓர் எரித்திரியப் பெண். புதியவள். வரிசையில் இருந்தபோது மற்றவர்களைப் பார்த்துப் படித்திருக்கவேண்டும். பிள்ளையார் படத்துக்கு உறையைக் காட்டினாள், கண்ணில் ஒற்றினாள், மேசைக்கு மேல் நீட்டினாள். புவனேந்திரன் இரண்டு கைகளையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து, வெண்ணெய்க் கத்தியை அவள் பக்கமாகத் தள்ளினார். நீங்களே திறவுங்கள் என்று சைகையால் காட்டினார்.

அவள் கத்தியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அதுவும் முறையில் ஒன்று என்று நினைத்தாள் போலும். கத்தியை இரண்டு கையாலும் எடுத்து, பயபக்தியோடு இரண்டு கண்களிலும் ஒற்றி, உறையோடு சேர்த்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.